தடம் டீச்சரும் நான் அனுப்பிய படமும்

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. இதை எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நிமிடம் வரைக்கும் போகவில்லை. யார் மேல் என்று கேட்டால் ஒரு வகுப்பறை நிறைய ஆட்களைக் காட்டுவேன். எங்கள் ஹெட்மாஸ்டர் இருக்கிறார், கேட்டுக்கு வெளியே நின்று கத்திய பெற்றோர் இருக்கிறார்கள், என் நாத்தனார் இருக்கிறாள், தடம் டீச்சரும் இருக்கிறார். எல்லோருக்கும் முன் வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பதினெட்டு வருஷமாக. தடம் டீச்சர் வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். நிருபர் எழுதிக் கொடுத்த பெயர், வயது, தெரு, தேதி எல்லாவற்றையும் சம்பந்தப்பட்டவர்களுக்கே போன் போட்டுக் கேட்டு, தவறு என்றால் அடித்துவிட்டு அனுப்புவது. அந்தச் செய்தித்தாளை ஒருநாள் இழுத்து மூடினார்கள். இவர் எங்கள் நூலகத்துக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் பள்ளியில் நூலக வகுப்பு என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாடம் முடிக்காத டீச்சர் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளும் பீரியட். நானே எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். இவர் வந்த முதல் மாதம் வழக்கம்போலப் போய், "டீச்சர், இன்னைக்கு எட்டாம் வகுப்பை எனக்குக் கொடுத்துடுங்க, அல்ஜீப்ரா பாக்கி இருக்கு" என்றேன்.

"கொடுக்க முடியாது, எனக்கும் பாக்கி இருக்கு" என்றார்.

"உங்களுக்கு என்ன பாக்கி?"

"நேத்து ராத்திரி இவங்க வீட்டு போன்ல வந்த அத்தனையும்" என்றார். சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது.

அவர் பாடம் இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்கு வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்தாக இருக்கலாம், விபத்தாக இருக்கலாம், வேலைவாய்ப்பாக இருக்கலாம். அதை அனுப்பியது யார், அவருக்கு அனுப்பியது யார், அவருக்கு யார் என்று ஒவ்வொருவரிடமும் நேரில் போய் நின்று கேட்டு, பின்னாலேயே நடக்க வேண்டும். இதற்குத் தடம் பிடிப்பது என்று பெயர். ஒரு நீளமான நோட்டு, நாலு பத்தி. யார் கொடுத்தது, எப்போது, அந்த இடத்தில் புதிதாக என்ன ஒட்டியது, என்ன உதிர்ந்தது. முதல் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஓடி வந்தால் மார்க் கிடையாது. ஒட்டியதையும் உதிர்ந்ததையும் காட்டினால்தான் மார்க். பிள்ளைகள்தான் அவருக்குத் தடம் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்டாஃப் ரூமில் அவரோடு இருப்பது ஒரு தண்டனை. "இன்னைக்கு மழை வருமாம்" என்று யாராவது சொன்னால் போதும், "யார் சொன்னா?" என்பார். ட்ராயிங் மாஸ்டர் ஒரு தடவை, "எனக்கு முழங்கால் வலிக்குது டீச்சர், அதையும் நான்தான் சொன்னேன், போதுமா?" என்று கும்பிட்டுவிட்டார். பெற்றோர் பக்கமும் புகைச்சல்தான். ஒரு அப்பா நேராக ஹெட்மாஸ்டர் அறைக்கே வந்துவிட்டார். அவர் மகன் தடம் பிடித்துக்கொண்டே போய் அவருடைய மேலதிகாரி வீட்டு வாசலில் நோட்டோடு நின்றானாம்.

"சார், பையன் என்ன கேட்டான்? 'இது உங்களுக்கு எங்கேருந்து வந்தது'ன்னு கேட்டான். இதுல என்ன மரியாதைக் குறைவு?" என்று தடம் டீச்சர் ஹெட்மாஸ்டரையே திருப்பிக் கேட்டார்.

மரியாதைக் குறைவுதான் என்று நான் நினைத்தேன். பெரியவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாமா என்று என் மகளிடம் சொல்லியும் இருக்கிறேன். அவள் எட்டாம் வகுப்பு, அதே பள்ளி. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். தடம் நோட்டு என்றால் அவளுக்கு உயிர்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனைத் திறந்தேன். என்னோடு ஹாஸ்டலில் படித்தவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாகத் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள், ஒரு பெண் குனிந்து ஒருவன் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறாள். கீழே "ஸ்கூல் கேன்டீன் சாப்பாடு" என்று மட்டும் இருந்தது. எந்த ஊர், எந்த வருஷம், ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் குடும்ப குரூப்பில் அதைப் போட்டேன். போட்டதோடு விட்டேனா? டீச்சர் மருமகள் இல்லையா, நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னால்தானே அழகு. "ஸ்கூல் கேன்டீன்ல சாப்பிட்ட பிள்ளைங்களாம். நம்ம ஸ்கூல்லயும் எப்போ என்ன நடக்குமோன்னு பயமா இருக்கு" என்று எழுதினேன். இறங்கும் இடம் வந்தது. இறங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் குரூப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அதே படம். "நம்ம ஸ்கூல் கேன்டீன் சாப்பாடு சாப்பிட்டு இருபது பிள்ளைங்க ஆஸ்பத்திரியில். வெளியே விடாம மறைக்கறாங்க. அங்கே வேலை பார்க்கிற டீச்சரே சொன்னது."

அதே படம் என்று எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்தது. தெரிந்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'அடப்பாவி, அப்போ திங்கட்கிழமை வந்தது நம்ம ஸ்கூல் படம்தானா!' என்றுதான் தோன்றியது. சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் சின்னப் பிள்ளைகள் கட்டடத்தில் நடந்திருக்கும் என்று நானே இடமும் ஒதுக்கிக் கொடுத்தேன். முந்தின நாள் அங்கே ஒரு பிள்ளை காய்ச்சலில் வாந்தி எடுத்தது வேறு ஞாபகம் வந்தது. நான் வளர்த்து அனுப்பிய பொய் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது, நான் அதற்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வகுப்பு ஆசிரியை என்ற முறையில் எட்டாம் வகுப்புப் பெற்றோர் குரூப்புக்கும் அனுப்பினேன். "கவனமாக இருங்கள்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கேட் முன்னால் அறுபது எழுபது பேர். கேன்டீன் அக்கா எப்போதும்போல அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக அந்தச் சமையலறையில் இருக்கிறார். நூற்று இருபது பிள்ளைகளில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று மனப்பாடமாகத் தெரியும். குட்டிக்கு முட்டை ஆகாது என்று எனக்கு முன்னால் கண்டுபிடித்ததே அவர்தான்.

நான் வாசலில் நின்று கத்தினேன். "ஏம்மா, பிள்ளைங்க உயிரோட விளையாடறியா?"

அதுவரை அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் ஈரக் கையோடு என்னைப் பார்த்தார். "என்ன டீச்சர் ஆச்சு?" என்றார். அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. அத்தனை போனிலும் அவர்தான் குற்றவாளி, அவர் போனில் மட்டும் செய்தி வரவில்லை.

ஸ்டாஃப் ரூமில் தடம் டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்த ஆஸ்பத்திரி?"

அவரே பக்கத்தில் இருந்த மூன்று ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டார். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். அதை வந்து சொன்னபோது, "அவங்க சொல்வாங்களா டீச்சர்? எல்லாம் கூட்டு" என்று சொன்னது யார்? நான்தான். பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு 'நிரூபி' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள்.

ஹெட்மாஸ்டர் பயந்த சுபாவம். கேன்டீனைப் பூட்டினார். அடுத்த வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம், அதில் முடிவு என்று நோட்டீஸ் போட்டார். முடிவு என்றால் ஒன்றுதான்: கேன்டீன் அக்கா இருப்பாரா, போவாரா.

அன்றைக்கே நூலக பீரியடில் தடம் டீச்சர் அந்தச் செய்தியைப் பலகையில் எழுதிப் போட்டார். "ஆறு நாள் இருக்கு, புடிங்க" என்றாராம். பிள்ளைகள் படத்தை வைத்தே தேடி, மத்தியானத்துக்குள் அது ஐந்து வருஷத்துக்கு முந்தையது, எங்கேயோ ஒரு ஊரில் எடுத்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எதையும் சாப்பிட்டு விழவில்லை. விளையாட்டு விழா ஒத்திகையில் வெயிலில் மூன்று மணி நேரம் நிற்க வைத்ததில் மயங்கி விழுந்தவர்கள். படத்தில் எல்லோர் காலிலும் வெள்ளை ஷூ. எங்கள் பள்ளியில் கறுப்பு ஷூ. காலை அணிவகுப்பில் ஷூவுக்குப் பாலிஷ் போடாத பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறவள் நான். என் கண்ணில் அது படவில்லை.

ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னார்கள். "படம் பழசா இருக்கலாம்மா. ஆனா விஷயம்? நம்ம ஸ்கூல் டீச்சரே சொன்னதுன்னு போட்டிருக்கே?" என்றார். அந்த ஒரு வரிதான் எல்லோரையும் கட்டிப்போட்டது. டீச்சரே சொன்னது. எந்த டீச்சர் என்று தெரிந்தால்தான் கேன்டீன் பூட்டு திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குட்டி நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒன்பது பேர் தாண்டிட்டோம். ஒன்பதாவது ஆள் யார் தெரியுமா? நம்ம அத்தை."

அத்தை என்றால் என் நாத்தனார்.

"அத்தைகிட்ட போன்ல கேட்டேன். அவங்க தன்னோட ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல, 'அண்ணி வேலை பார்க்கிற ஸ்கூல் கேன்டீன் விஷயம், அண்ணியே பயந்து போயிருக்காங்க'ன்னு போட்டாங்களாம். அடுத்த ஆள் கைக்குப் போனதும் அண்ணி டீச்சராயிட்டாங்க. அதுக்கடுத்த ஆள் இருபது பிள்ளைங்கன்னு சேர்த்திருக்காங்க. ஆஸ்பத்திரி அதுக்கப்புறம்." அவள் பத்தி பத்தியாக விரல் வைத்துக் காட்டினாள். "பத்தாவது நீதாம்மா. நீ என்ன எழுதினேன்னு பார்க்கணும். போனைக் கொடேன்."

அந்த நிமிடம் போனைக் கொடுத்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் குடும்ப குரூப்பில் எதுவும் ஏழு நாளில் தானாக அழிந்துவிடும். போன் நிறைந்துவிடுகிறது என்று என் கணவர் செய்து வைத்த ஏற்பாடு. அன்றைக்கு ஆறாம் நாள். செய்தி இருந்தது.

"நான் எதுவும் எழுதலையே. யாரோ அனுப்பின படத்தைப் போட்டேன். அப்பவே எல்லார் போன்லயும் போற மாதிரி அழிச்சுட்டேன்" என்றேன். அவள் குளிக்கப் போனதும் குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதே என் போனில் அதை அழித்தேன். மறுநாள் மற்றவர்கள் போனிலும் அது போய்விட்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது. பதிமூன்று வயதுப் பெண்ணுக்குப் பயந்து, அவள் தலைக்குச் சீயக்காய் போட்டுக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து ஒரு நிம்மதியோடு அழித்தேன்.

திங்கட்கிழமை நூலக மேஜையில் நோட்டு விரித்தபடி கிடந்தது. எட்டிப் பார்த்தேன். பத்தாவது வரியில் குட்டியின் கையெழுத்து: "அம்மா. படத்தை மட்டும் போட்டதாகவும் அழித்துவிட்டதாகவும் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை." கடைசி மூன்று வார்த்தைகள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் தடம் டீச்சரின் சின்ன எழுத்து: "இது உன் எண்ணம். இந்தப் பத்தியில் வராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெண் என்னை நம்பவில்லை என்பதைவிட இந்த அம்மா எனக்காக நியாயம் பேசியதுதான் தாங்க முடியவில்லை. நீ யார் என்னைக் காப்பாற்ற? கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். அவர் தன் சட்டத்தை எனக்கும் பொருத்திவிட்டுப் போய்விட்டார். மூன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை கூட்டம். அசெம்பிளி ஹால் நிரம்பி, ஜன்னல் வழியாகவும் தலைகள். கேன்டீன் அக்கா கடைசி பெஞ்சில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தடம் டீச்சர் நோட்டைப் பார்த்து ஒன்று ஒன்றாக வாசித்தார். யார், எப்போது, என்ன ஒட்டியது, என்ன உதிர்ந்தது. ஆள் பெயர் வந்ததும் அங்கங்கே முணுமுணுப்பு. பத்தாவது வரியில் நிறுத்தினார். "இதுக்கு மேல தெரியல" என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். எழ வேண்டும் என்று திட்டம் போட்டு வரவில்லை. கேன்டீன் அக்கா கைப்பையின் பட்டனைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கால் எழுந்துவிட்டது.

"அந்த டீச்சர் நான்தான். இங்க எதுவும் நடக்கல. எங்கேருந்தோ வந்த படத்தை எங்க வீட்டு குரூப்ல போட்டு, நம்ம ஸ்கூல்லயும் இப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்குன்னு எழுதினேன். அவ்வளவுதான். அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன்.

சரி, அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு அப்பா எழுந்தார். கண்ணியமான மனிதர், இன்ஷூரன்ஸ் வேலை.

"டீச்சர், உங்க நல்ல மனசு எங்களுக்குப் புரியுது. அந்த அம்மா வேலை போயிடக் கூடாதுன்னு பழியை நீங்க ஏத்துக்கறீங்க. ஆனா பிள்ளைங்க விஷயம் பாருங்க."

"இல்லீங்க, நெஜமாவே நான்தான்..."

"சரி, அந்த மெசேஜைக் காட்டுங்க" என்றார் ஹெட்மாஸ்டர், ரொம்பப் பரிவாக.

என்னிடம் என்ன இருக்கிறது காட்ட? நாத்தனாரிடமும் இல்லை, ஒருவரிடமும் இல்லை. "அழிச்சுட்டேன்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு அம்மா என் கையைத் தடவிக் கொடுத்து, "உட்காருங்க டீச்சர்" என்றாள். முகம் தெரியாதவன் எழுதிய இருபது பிள்ளைகளை ஒரு மணி நேரத்தில் நம்பிய கூட்டம், பதினெட்டு வருஷம் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் எதிரே நின்று சொன்னதை நம்பவில்லை. கேன்டீனை மாதக் கடைசி வரை மூடுவது, அதற்குப் பிறகு வேறு ஆள் பார்ப்பது என்று முடிவானது. கேன்டீன் அக்கா கைப்பையின் பட்டனை மூடினார். எழுந்து போய்விட்டார்.

நான் நேராக நூலகத்துக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுக் கத்தினேன். "நீங்களாவது என்னை நம்பறீங்களா இல்லையா?"

"நம்பறேன்."

"அப்போ நோட்டுல எழுதுங்க! அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாமே!"

"நான் நம்பறது நோட்டுல வராது. உங்க பொண்ணு நம்பாததும் வரல, நான் நம்பறதும் வராது."

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா டீச்சர்? ஹால் முழுக்க என்னை நல்ல மனசுக்காரின்னு சொல்லிச்சு..."

அப்போதுதான் அவர் கோபத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். மேஜையில் இருந்த புத்தகக் கட்டைத் தள்ளிவிட்டார். "நல்ல மனசு! எங்க அக்கா பேங்க்ல முப்பது வருஷம் வேலை பார்த்தவ. முட்டாள் இல்ல. சர்க்கரைக்கு மாத்திரை வேண்டாம், ஏதோ விதையை ஊறவெச்சுக் குடின்னு அவளுக்கு அஞ்சு பேர் அனுப்பினாங்க. அஞ்சு பேரையும் நான் வீடு வீடாப் போய்க் கேட்டேன். நல்லதுன்னுதான் நெனச்சோம்னாங்க. அஞ்சு பேருக்கும் நல்ல மனசு. எங்க அக்காவுக்குக் கண்ணுதான் இல்ல. இன்னைக்கும் நான்தான் கையைப் பிடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நான் குனிந்து புத்தகங்களைப் பொறுக்கினேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணக் குரலில், "உங்க குடும்ப குரூப்ல மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"பதினாலு."

"எல்லாரையும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவமானப்படவும் அழவும் நேரம் இருந்தது, கேட்க நேரம் இல்லை.

மறுநாள் சாயங்காலம் நானும் குட்டியும் தடம் டீச்சரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஏழாவது வீடு என் சின்ன மாமனாருடையது. காது மந்தம், போனில் எழுத்தைப் பூதாகாரமாக வைத்திருப்பார். விஷயத்தைச் சத்தமாகச் சொன்னோம்.

"உன்னோடதா? உன்னோடது எல்லாம் இருக்கேம்மா" என்றார். "அப்புறம் தேடினா கெடைக்க மாட்டேங்குதுன்னு நீ எழுதறதை எல்லாம் படம் புடிச்சு வெச்சுடுவேன். டீச்சர் மருமக எழுதினதுன்னு வாக்கிங் வர்றவங்ககிட்ட காட்டுவேன்."

காட்டினார். என் பெயர், தேதி, மாலை ஐந்து இருபது, படம், கீழே என் வரிகள். நாலு வருஷமாக நான் எழுதிய அத்தனை அபத்தமும் அந்த போனில் பத்திரமாக இருந்தது. தடம் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தடவை படித்தார். நோட்டைக் குட்டியிடம் நீட்டினார். பத்தாவது வரியை முடிக்கச் சொன்னார். குட்டி என் முன்னாலேயே எழுதினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், விரிவாகச் சொன்னால் எனக்கு மறுபடி ரத்தம் கொதிக்கும். ஹெட்மாஸ்டர் பூட்டைத் திறந்தார். உண்மை இன்னதென்று பிள்ளைகள் ஆறு வரியில் எழுதி, பொய் போன அத்தனை குரூப்புக்கும் அனுப்பினார்கள். பொய்க்கு நானூறு பேர் பதில் போட்டிருந்தார்கள். உண்மைக்கு மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். உடனே அதன் கீழே ஒருவர் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட்டார். அதற்கு இருபது கட்டைவிரல்.

கேன்டீன் அக்கா திரும்பி வந்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். பெரிய பாத்திரம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்ததும், "டீச்சர், கொஞ்சம் நகருங்க, தண்ணி தெறிக்கும்" என்றார். நகர்ந்தேன்.

முதல் நாள் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாம் நாள் பதினொன்று. மற்றவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து டப்பா. நூற்று இருபது பேருக்குச் சமைத்தவர், சின்னப் பாத்திரம் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டு வந்தார். இப்படியே போனால் மாதக் கடைசிக்கு மேல் தாங்காது என்று ஹெட்மாஸ்டரிடம் அவரே சொல்லிவிட்டார். தடம் டீச்சர் மட்டும் தினமும் ஒரு மணிக்குக் கண் தெரியாத தன் அக்காவைக் கைபிடித்து அழைத்து வந்து, எல்லோர் கண்ணுக்கும் படும்படி ஜன்னலோர பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் சாப்பிட்டார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே டப்பாவைத் திறந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, பெற்றோரைத்தான் சொல்கிறேன். மூடியைத் திறப்பது பிள்ளை, அடைத்துக் கொடுப்பது வீடு. நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அந்த வீடுகளை எல்லாம் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். இவ்வளவு ஆதாரம் காட்டியும் நம்பாத ஜென்மங்கள்.

மூன்றாம் நாள் காலை குட்டி ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். நான் சமையலறையிலிருந்து வந்து அவள் பையில் டப்பாவை வைத்தேன். அவள் அதை வெளியே எடுத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"இன்னைக்கு ஒரு நாள் கொண்டு போயேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னே. முந்தா நாளும் சொன்னே. கேன்டீன் தொறந்து மூணு நாளாச்சு."

"கொஞ்ச நாள் போகட்டும்டி. எதுக்கும் ஜாக்கிரதையா..." என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நின்றுவிட்டேன்.

குட்டி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. "எழுதினதே நீதானேம்மா" என்றாள். "நீ எழுதினதை நீயே நம்பிட்டியா?"

எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் வெயிலில் விழுந்தவர்கள் என்று தெரியும். இருபது என்ற எண் எந்த வீட்டில் முளைத்தது என்று தெரியும். அந்தச் சமையலறையின் ஒவ்வொரு பாத்திரத்தையும் தெரியும். இத்தனையும் தெரிந்த என் கைதான் காலை ஆறு மணிக்கு எழுந்து டப்பாவில் சாப்பாட்டை அடைத்து மூடியை அழுத்தியிருக்கிறது, மூன்று நாளாக. படத்தில் படுத்துக் கிடந்த பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் கண் முன்னால் வந்தார்கள், நான் அவர்களை விரட்டவில்லை.

குட்டி டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சூடு இன்னும் ஆறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.